படிவம் 26 கேட்காத கேள்வி

சட்டமன்றத் தேர்தலில் நிற்கும் ஒவ்வொருவரும் வேட்புமனுவோடு படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் கொடுத்தாக வேண்டும். மனைவி பெயரில் எத்தனை கிராம் தங்கம், எந்த வங்கியில் எவ்வளவு கடன், எந்தக் காவல் நிலையத்தில் என்ன வழக்கு என்று அது துருவித் துருவிக் கேட்கிறது. மதுராந்தகம் ஏரியைப் பற்றியோ, நெம்மேலிக் கடற்கரையைப் பற்றியோ, மறைமலை நகர்த் தொழிலாளியின் வேலை நேரத்தைப் பற்றியோ வேட்பாளர் என்ன நினைக்கிறார் என்று மட்டும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. ஓட்டுப் போடும் நாமும் கேட்பதில்லை.

தேர்தல் காலத்தில் வட்டாட்சியர் அலுவலக நோட்டீஸ் போர்டில் இந்தப் பத்திரங்களை ஒட்டி வைப்பார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு வந்தவர்கள் நின்று படிப்பதைப் பார்த்திருக்கிறேன். "கார் இல்லையாம், பாரு" என்று ஒருவர் சிரிப்பார். "நகைக் கடன் மட்டும் இருக்குதாம்" என்பார் இன்னொருவர். சொத்துக் கணக்கு நமக்கு நல்ல பொழுதுபோக்கு. 2002இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் கிடைத்த உரிமை அது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், ஒருவர் எவ்வளவு வைத்திருக்கிறார் என்பது தெரிந்துவிட்டால், சட்டமன்றத்தில் அவர் எதற்குக் கை தூக்குவார் என்பது தெரிந்துவிடுமா?

செங்கல்பட்டு மாவட்டத்தில் 7 தொகுதிகள் இருக்கின்றன: சோழிங்கநல்லூர், பல்லாவரம், தாம்பரம், செங்கல்பட்டு, திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம். இங்கே சாதிக் கணக்கு, கூட்டணிக் கணக்கு, பணக் கணக்கு மூன்றும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு மனப்பாடம். கொள்கைக் கணக்கை மட்டும் யாரும் போடுவதில்லை.

இந்த மாவட்டம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. தன் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்லி, அதை விடாப்பிடியாக நடத்தி, அதற்காகவே தோற்றுப்போன ஒரு முதலமைச்சரை நமக்குக் கொடுத்தது பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான்.

நசரத்பேட்டை மனிதர்

எம். பக்தவத்சலம் 1897ஆம் ஆண்டு அக்டோபர் 9 அன்று பூந்தமல்லிக்கு அருகில் நசரத்பேட்டையில் பிறந்தார். இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மூன்றும் அன்று ஒரே மாவட்டம். வசதியான குடும்பம். தாய்மாமன் முத்துரங்க முதலியார் காங்கிரசின் பெரிய தலைவர். சட்டம் படித்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகி, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, 1937இல் திருவள்ளூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். ராஜாஜி அமைச்சரவையில் நாடாளுமன்றச் செயலர். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பொதுப்பணித் துறை அமைச்சர். கீழ்பவானி அணைக் கட்டுமானம் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

1952 தேர்தலில் தோற்றார். 1954இல் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து சி. சுப்பிரமணியம் நின்றபோது, அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். வென்ற காமராஜர் இருவரையும் தன் 8 பேர் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்: தலைவர் யார் என்பதில் தன் நிலையை வெளிப்படையாகச் சொன்ன ஒருவருக்கு அந்த நாளில் அரசியல் எதிர்காலம் இருந்தது.

வேளாண்மை, அறநிலையத் துறை, உள்துறை, நிதி, கல்வி என்று பல துறைகளைப் பார்த்தபின், காமராஜர் பதவி விலகிய 1963 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் ஆனார். 1967 மார்ச் வரை இருந்தார். தமிழ்நாட்டில் காங்கிரசின் கடைசி முதலமைச்சர்.

அவருடைய போக்கு வலதுசாரிப் போக்கு. சட்டம் ஒழுங்குதான் முதல், மற்றதெல்லாம் அப்புறம். அரசாங்கம் ஒரு முடிவெடுத்தால் தெருவில் கூட்டம் கூடியதற்காக அதை மாற்றக் கூடாது. டெல்லியோடு மோதக் கூடாது. மதுவிலக்கு தொடர வேண்டும். கோயில்கள் சீராக நடக்க வேண்டும். அரசியல் சட்டத்தைக் கொளுத்துவோம் என்று பெரியார் 1957இல் அறிவித்தபோது, தேசியச் சின்னங்களை அவமதித்தால் 3 ஆண்டு வரை சிறை என்ற சட்டம் வந்தது. அப்போது உள்துறையைக் கையில் வைத்திருந்தவர் இவர்தான்.

பக்திமான் என்பதற்காக எல்லாக் கோரிக்கைக்கும் தலையாட்டவும் இல்லை. கன்னியாகுமரிப் பாறையில் விவேகானந்தர் நினைவுச் சின்னம் கட்ட வேண்டும் என்று கேட்டபோது, உள்ளூர் மீனவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே பகை மூளும் என்று தயங்கினார். நினைவுச் சின்னக் குழுவின் ஏக்நாத் ரானடே டெல்லிக்குப் போய் 323 நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையெழுத்தை வாங்கி வந்த பிறகுதான் வழிவிட்டார். பாறையில் 1970இல் மண்டபம் திறக்கப்பட்டது. முதலில் மறுத்ததும், பிறகு இறங்கி வந்ததும், இரண்டும் ஊரறிய நடந்தன. அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கேட்டவர்களுக்கு ஜோசியம் தேவைப்படவில்லை.

ஒரு மாவட்டம், மூன்று நிலை

1965 ஜனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என்ற ஏற்பாடு வரவிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் பக்தவத்சலம் சட்டமன்றத்திலேயே மும்மொழித் திட்டத்தை அறிவித்திருந்தார். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அண்ணா உள்ளிட்ட திமுக தலைவர்களை அரசு முன்கூட்டியே கைது செய்தது. ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரி நடுவில் கிளர்ச்சி ஓய்வதற்குள் இறந்தவர்கள் அரசுக் கணக்கிலேயே 70 பேர் அளவுக்கு வந்தார்கள். ஊர்க் கணக்கு அதைவிட மிக அதிகம்.

மாணவர் கிளர்ச்சியை முதலமைச்சர் வெறும் போலீஸ் விவகாரமாகப் பார்த்தார். அதுதான் அவருடைய ஆகப் பெரிய பிழை. அவருடைய மொழிக் கொள்கையோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை. சுட உத்தரவிட்ட நிர்வாகத்தின் தலைவர் என்ற பொறுப்பிலிருந்து அவரை எந்த வரலாறும் விடுவிக்காது.

அதே மாதத்தில் அதே மாவட்டத்தின் இன்னொரு காங்கிரஸ்காரர் என்ன செய்தார்? செங்கல்பட்டின் நாடாளுமன்ற உறுப்பினர் ஓ.வி. அளகேசன், செங்கல்பட்டை அடுத்த ஒழலூர்க்காரர், அப்போது மத்திய இணையமைச்சர். அதற்குள் மத்திய அமைச்சராகியிருந்த சி. சுப்பிரமணியமும் அவரும் பிப்ரவரி 11 அன்று லால் பகதூர் சாஸ்திரியிடம் பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்தார்கள். அன்று இரவே சாஸ்திரி வானொலியில் பேசினார். நேரு கொடுத்த வாக்குறுதி காப்பாற்றப்படும், ஆங்கிலம் தொடரும் என்றார். பிறகு இருவரும் பதவியில் தொடர்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால், கடிதம் கொடுத்த அந்த நாளின் பாரத்தை டெல்லி உணர்ந்தது.

மூன்றாமவர் காஞ்சிபுரம் அண்ணா. 1962இல் சொந்த ஊரில் தோற்று மாநிலங்களவைக்குப் போனவர். அவர் நின்ற பக்கத்தைச் சொல்லத் தேவையில்லை.

நசரத்பேட்டைக்காரர் ஒரு பக்கம், செங்கல்பட்டுக்காரர் நடுவில், காஞ்சிபுரத்துக்காரர் எதிர்ப்பக்கம். ஒரே மாவட்டத்தின் மூன்று பேரும் ஒரே கேள்விக்கு மூன்று பதிலைச் சொன்னார்கள். மூன்றும் மக்களுக்குத் தெரிந்திருந்தன. இதே வரிசையில் ராஜாஜியையும் நினைத்துக்கொள்ளலாம். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், 1965இல் சுதந்திரா கட்சித் தலைவராக இந்தித் திணிப்பை எதிர்த்தார். மாறினார், ஏன் மாறினேன் என்று பத்திரிகையில் எழுதியே மாறினார்.

அரிசி விஷயத்திலும் அப்படித்தான். 1964 முதல் தட்டுப்பாடு. விவசாயிகளிடம் கட்டாய லெவி, நெல்லை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு, நகரத்தில் ரேஷன் என்று அரசு கெடுபிடி செய்தது. கையில் பணம் இருந்தும் அரிசி கிடைக்காமல் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அரிசி விலை என்னாச்சு என்று முதலமைச்சரை 'அண்ணாச்சி' போட்டுக் கேட்ட தேர்தல் முழக்கம் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது திமுக. ஆளுங்கட்சி கெடுபிடியை நியாயப்படுத்தியது, எதிர்க்கட்சி படிக்கணக்கில் வாக்குறுதி கொடுத்தது. சரியோ தவறோ, வாக்காளர் முன்னால் இரண்டு திட்டம் இருந்தது.

1967இல் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் ஏறத்தாழ 9,000 வாக்கில் திமுகவின் ராஜரத்தினத்திடம் தோற்றார். எதற்காகத் தோற்றார் என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை, தோற்கடித்தவர்களுக்கும் சந்தேகமில்லை.

கலிபோர்னியாவில் அதே ஆண்டு

பக்தவத்சலம் கோட்டையை விட்டு வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்னால், 1967 ஜனவரியில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ரொனால்ட் ரீகன் ஆளுநராகப் பதவியேற்றார். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். நம் முதலமைச்சருக்கு நிகர். அவரும் வலதுசாரி. பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் போராட்டத்தை அடக்குவேன் என்பது அவருடைய தேர்தல் வாக்குறுதிகளில் ஒன்று. மாணவர்களை எதிர்த்ததால் இங்கே ஒருவர் வீழ்ந்தார், மாணவர்களை எதிர்த்ததால் அங்கே ஒருவர் எழுந்தார். ஊருக்கு ஊர் நியாயம் வேறு.

வரியைக் குறைப்பதாகப் பேசி வந்த அதே ரீகன், முதல் ஆண்டிலேயே அந்த மாநிலம் அதுவரை கண்டிராத பெரிய வரி உயர்வில் கையெழுத்திட்டார். கையெழுத்திட்டவர் அவர் என்பது ஊரறிந்தது; அதை ஆதரித்த உறுப்பினர்கள் யார் என்பது எப்படி இன்றுவரை எல்லோருக்கும் தெரிகிறது? கலிபோர்னிய அரசியல் சட்டப்படி, ஒவ்வொரு உறுப்பினரின் பெயரையும் கூப்பிட்டு, ஆதரவா எதிர்ப்பா என்று பதிவு செய்யாமல் எந்த மசோதாவும் அங்கே நிறைவேற முடியாது. ஓர் உறுப்பினருக்கு எதிராகப் பிரசாரம் செய்பவர் வீட்டில் உட்கார்ந்தபடியே அந்தப் பதிவேட்டைப் புரட்டலாம். யார் எந்த வரிக்குக் கை தூக்கினார் என்று விரல்விட்டுச் சொல்லலாம்.

அமெரிக்க அரசியலைக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. அங்கே பணம் ஆடும் ஆட்டம் நம் ஊரைவிடப் பெரிது. ஆனால், இந்த ஒரு பழக்கத்தை இரவல் வாங்கினால் குறைந்துபோக மாட்டோம்.

'ஆம்' என்போர் அதிகம்

நம் சட்டமன்றத்தில் மசோதா எப்படி நிறைவேறுகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பேரவைத் தலைவர் கேட்கிறார், ஒரு சத்தம் எழுகிறது, நிறைவேறிவிட்டது என்கிறார். குரல் வாக்கெடுப்பு. அந்தச் சத்தத்தில் நம் தொகுதி உறுப்பினரின் குரல் இருந்ததா, அவர் அன்றைக்கு அவைக்கு வந்தாரா, கேண்டீனில் இருந்தாரா, எதுவும் பதிவாகாது. பெயர் சொல்லி வாக்கெடுக்கும் 'டிவிஷன்' முறை விதிகளில் இருக்கிறது, கேட்பாரில்லை.

2023 ஏப்ரல் 21 அன்று நடந்ததை மறந்துவிடக் கூடாது. அன்று கூட்டத்தொடரின் கடைசி நாள். ஆலைகளில் ஒரு நாள் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் வந்தது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. குரல் வாக்கில் மசோதா நிறைவேறியது. மூன்று நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தில் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

மறைமலை நகரிலும் மகேந்திரா சிட்டியிலும் ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு அந்த மசோதா நேரடியாக உடம்பைத் தொடுகிற விஷயம். காலை 5 மணிக்கு அச்சிறுபாக்கத்தில் பஸ் ஏறி, 12 மணி நேரம் நின்று வேலை பார்த்து, திரும்பி வந்து படுப்பது எப்போது? அந்த மசோதா வந்த நாளில் இந்த மாவட்டத்தின் 7 உறுப்பினர்களும் ஆளாளுக்கு என்ன செய்தார்கள் என்று அந்த இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே நாளில் நிறைவேறிய இன்னொரு மசோதா, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால், அதற்குள் வரும் ஏரி, ஓடை, வாய்க்காலையும் சேர்த்து ஒருங்கிணைக்க அது வழிவிடுகிறது. முந்தைய மசோதாவுக்கு எழுந்த கூச்சலில் இது பலர் காதில் விழவேயில்லை. 2024இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த செங்கல்பட்டுக்கு இதைவிட முக்கியமான சட்டம் அண்மையில் வந்ததாகத் தெரியவில்லை. மதகு, கலங்கல், போக்குக் கால்வாய் என்று ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும் ஏரிகளில் ஒன்றைத் திட்டத்துக்குள் எடுத்தால், கீழே இருக்கும் நான்கு ஏரிக்குத் தண்ணீர் வராது. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் வரும்.

கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறதே, கொறடா உத்தரவை மீறி உறுப்பினர் எப்படி வாக்களிப்பார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1985க்குப் பிறகு உறுப்பினரின் கை கட்டப்பட்டிருக்கிறது. வாய் கட்டப்படவில்லை. மசோதா வருமுன் கட்சிக்குள் பேசலாம். அவையில் திருத்தம் கேட்கலாம். தொகுதிக்கு வந்து, கட்சி இப்படி முடிவெடுத்தது, என் கருத்து இது என்று சொல்லலாம். சொல்பவர் யார்?

தூண்டில் வளைவு என்ற எளிய வாக்குறுதி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டினால் நெம்மேலி. 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இங்கே திறக்கப்பட்டது. 2024இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் ஆலை. அடுத்து பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலை வருகிறது. தென்சென்னையின் குழாயில் வருவது இந்தக் கடலின் தண்ணீர்.

ஆலைக்குப் பக்கத்துக் குப்பங்களில் போய்க் கேட்டால் வேறு கதை. சூலேரிக்காட்டுக்குப்பத்தில் கரை அரித்துக்கொண்டே வருகிறது என்று மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஃபைபர் படகை ஏற்றி வைக்கவும் வலை உலர்த்தவும் மணல் வேண்டும். அந்த மணல் இல்லையென்றால் படகை அடுத்த குப்பத்தில் நிறுத்த வேண்டும்; அங்கே அவர்களுக்கே இடமில்லை. வாய்த்தகராறில் தொடங்கி எங்கெங்கோ போகிறது.

தேர்தல் வந்ததும் வேட்பாளர் கேட்காமலே கொடுக்கும் வாக்குறுதி: "தூண்டில் வளைவு கட்டித் தருவேன்." கைதட்டல் கிடைக்கும். தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு. இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கல்லைக் கொட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். ஒரு குப்பத்துக்குக் கட்டிய வளைவு அடுத்த குப்பத்தின் கரையைத் தின்னும். பிறகு அந்தக் குப்பமும் வளைவு கேட்கும். சென்னை காசிமேட்டுக்கு வடக்கே இந்தக் கதை எங்கே போய் முடிந்தது என்பது கடலோரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே, தூண்டில் வளைவு வருமா என்று கேட்டுப் பயனில்லை. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கரையை மொத்தமாகப் பார்த்து ஒரு திட்டம் வேண்டும் என்று சட்டமன்றத்தில் பேசுவீர்களா, கடல்நீர் ஆலைகளால் கரைக்கு என்ன ஆகிறது என்ற ஆய்வைத் தமிழில் வெளியிடச் சொல்வீர்களா என்று கேட்க வேண்டும். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே வரும் புதிய நீர்த்தேக்கத்துக்கும் இதே போலக் கேள்வி இருக்கிறது. சென்னைக்குத் தண்ணீர் வேண்டும், சரி. கழிமுகத்தில் இறால் பிடிப்பவருக்கு உங்கள் பதில் என்ன?

மாமல்லபுரத்துக்குள் வந்தால் தொல்லியல் துறை விதி. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடமே கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். ஊரே சின்னங்களுக்கு நடுவில் இருப்பதால், ஓட்டு வீட்டில் இரண்டாவது அறை எடுக்கக்கூட அலைய வேண்டியிருக்கிறது. இது மத்தியச் சட்டம். சட்டமன்ற உறுப்பினரால் மாற்ற முடியாது. முடியாது என்பதை நேராகச் சொல்லும் வேட்பாளரை நான் மதிப்பேன். "வந்ததும் முடித்துத் தருகிறேன்" என்பவர் பொய் சொல்கிறார்.

மேற்கே மதுராந்தகம் பக்கம் நவரை அறுப்பு நேரத்தில் போனால், நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே தார்ப்பாய் போட்டு நெல் கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். இரவு பெய்த ஒரு மழையில் 17 என்பது 20 ஆகிவிடும். மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கேட்பதாக விவசாயிகள் புகார் சொல்லாத ஆண்டில்லை. 1966இல் விவசாயியிடமிருந்து நெல்லைப் பிடுங்கியதற்காக ஓர் அரசு திட்டு வாங்கியது. இன்று அவர் தானாகக் கொண்டுவரும் நெல்லை நேரத்தில் வாங்காததற்காகத் திட்டு வாங்குகிறது. கூடுதல் களமும் உலர்த்தும் இயந்திரமும் எந்த ஊருக்கு முதலில் என்று வேட்பாளர் சொல்லட்டும்.

செய்யக் கூடியவை

முதல் வேலை நம்முடையது. சட்டம் எதுவும் திருத்த வேண்டியதில்லை. குடியிருப்போர் நலச்சங்கம், மீனவர் பஞ்சாயத்து, ஏரிப் பாசன விவசாயிகள், ஆலைத் தொழிற்சங்கம் ஆகியோர் தொகுதிவாரியாக உட்கார்ந்து, ஐந்து கேள்விகளை ஒரே தாளில் அச்சடிக்கலாம். எல்லா வேட்பாளருக்கும் ஒரே தாள். 'செய்வேன்' என்ற பதில் போதாது. ஆதரவா, எதிர்ப்பா, ஏன் என்று இரண்டு வரி. கையெழுத்தோடு வாங்க வேண்டும். மறுபடி நிற்பவர் என்றால், கடந்த 5 ஆண்டில் இந்தப் பொருள் பற்றி அவையில் எந்தத் தேதியில் பேசினார் என்றும் கேட்க வேண்டும்.

2022இல் ஒவ்வொரு உறுப்பினரும் தொகுதியின் 10 முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு அனுப்புமாறு முதலமைச்சர் கடிதம் எழுதினார். நல்ல யோசனை. அந்தப் பட்டியலில் எது முதலாவதாக இருந்தது என்பதே ஓர் உறுப்பினரின் கொள்கை. அந்தப் பட்டியலும், அதில் எது முடிந்தது எது கிடப்பில் என்பதும், ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி எந்த ஊரில் எதற்குப் போனது என்பதும் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகப் பலகையிலும் இருக்க வேண்டும்.

சட்டமன்றம் செய்ய வேண்டியது கொஞ்சம் பெரிது. நிலம், நீர்நிலை, தொழிலாளர், கல்வி, உள்ளாட்சி ஆகிய ஐந்தைத் தொடும் எந்த மசோதாவையும் குரல் வாக்கில் முடிக்கக் கூடாது. பெயர் சொல்லிப் பதிவு செய்து, அன்று மாலையே இணையதளத்தில் தமிழில் போட வேண்டும். மசோதாவின் தமிழ் வரைவு விவாதத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்னால் வெளிவர வேண்டும். கூட்டத்தொடரின் கடைசி நாளில் கொத்தாக நிறைவேற்றும் பழக்கம் ஒழிய வேண்டும். 2022 ஜனவரி முதல் கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுகிறார்கள். கேள்வி நேரத்தைவிட மசோதா விவாதம்தான் மக்கள் பார்க்க வேண்டியது. அதையும் முழுதாகக் காட்டட்டும்.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் கூடுகிறது. தொகுதியில் ஆண்டுக்கு ஒரு சபைக்காவது உறுப்பினர் வந்து, அந்த ஆண்டில் நிறைவேறிய சட்டங்களில் எது இந்த ஊரைத் தொடும் என்று விளக்கலாம். கடப்பாறையும் பூமி பூஜையும் அதற்கு மறுநாள் வைத்துக்கொள்ளட்டும்.

நசரத்பேட்டை மனிதரின் கொள்கைகளைத் தமிழ்நாடு நிராகரித்தது சரிதான் என்பதே என் தீர்ப்பு. ஆனால், அவரை நிராகரிக்கும் உரிமை நம் பாட்டன்மாருக்குக் கிடைத்தது, அவர் தன் பக்கத்தை மறைக்காததால். நம் வாசலுக்கு வரும் வேட்பாளர்கள் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் அவர்களை ஆதரிக்கவும் முடியாது, நிராகரிக்கவும் முடியாது.

ஆரத்தித் தட்டில் பணம் விழும் முன், ஐந்து கேள்வித் தாளை நீட்டுங்கள். பதில் எழுதித் தந்தவர்களின் தாளை ஊர் வாட்ஸ்அப் குழுவில் அப்படியே போடுங்கள். தராதவர் பெயருக்கு நேரே 'பதில் இல்லை' என்று எழுதிப் போடுங்கள்.